தாயின் மனமும் தாதியின் பணியும்

(வந்தாறுமூலையில் நடைபெற்ற ஆண்டு விழாக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற உளநலத் தாதி ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு)



உங்கள் காரியதரிசி என்னிடம் வந்து, "தாய்மையைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசவேண்டும்" என்று கேட்டபோது, தாய்மையின் பெருமையை நான் எடுத்துரைப்பேன் என்று எண்ணியிருப்பார். அப்பெருமையைப் பாடாத புலவர் இல்லை. பேசாத மேடையும் இல்லை. ஆனால், பிள்ளை பெற்ற ஒருத்தி இரவு முழுவதும் கண் மூடாது கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பதைப் பற்றி மேடைகளில் யாரும் பேசுவதில்லை. வீடுகளிலுங்கூடப் பேசுவதில்லை. ஆகவே இன்று அதனைப் பற்றியே பேச விரும்புகின்றேன். மகப்பேற்றுக் காலத்தில் மனத்துக்கு வரும் வியாதிகள் யாவை, அவற்றில் தாதியின் பணி யாது, வாலிபர்களாகிய நீங்கள் செய்யக்கூடியது யாது என்பனவே என் பொருள்.

முதலில் என் அநுபவத்தில் நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஊரையும் பேரையும் கேட்காதீர்கள்.

பல ஆண்டுகளுக்கு முன்பு, நான் ஒரு வைத்தியசாலையில் உளநல விடுதியிற் கடமையாற்றிய காலம். தலைப்பிள்ளை பெற்று பன்னிரண்டு நாளான ஓர் இளம் பெண்ணை அழைத்து வந்தார்கள். பிரசவம் சுகப்பிரசவம். பிள்ளையும் நல்ல நிறையுடைய பிள்ளை. நாலாம் நாள் தொடங்கி அவள் உறங்கவில்லை. முதலில் மிகுந்த உற்சாகத்தோடு இரவு பகலாகப் பேசினாளாம். பின்பு பேச்சுத் தடுமாறியது, சுவரோடு கதைத்தாள், பிள்ளையைத் தொட அஞ்சினாள். வீட்டார் முதலிற் கட்டாடியாரிடம் போனார்கள். அவர் தண்ணீர் ஓதிக் கொடுத்தார், நூல் கட்டினார். அதில் ஐந்து நாள் கழிந்தது. அவள் விடுதிக்கு வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மிஸ்ஸி, இது எண்ட புள்ள இல்ல, ஆரோ மாத்திட்டாங்க" என்றாள்.

அந்த விடுதியில் அன்று கைப்பிள்ளையை வைத்திருக்க இடமில்லை. "பிள்ளையை வீட்டுக்குக் கொண்டுபோங்கள், தாய் மாத்திரம் இங்கே இருக்கட்டும்" என்று நானே அம்மம்மாவிடம் சொன்னேன். ஒழுங்கு அதுதான். மூன்று கிழமையில் அவள் தெளிந்தாள். ஆனால் தெளிந்தபோது பால் வற்றிவிட்டது. பிள்ளை அம்மம்மாவின் மடியைத் தவிர வேறு மடி அறியாதிருந்தது. வீட்டுக்குப் போகும் அன்று அவள் என்னிடம் கேட்டாள்: "எனக்குச் சுகம் வந்திட்டுது மிஸ்ஸி. எண்ட புள்ளைக்கு நான் ஆரு?"

அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இருக்கவில்லை. அதற்கு விடை தேடித்தான் நான் இத்துறையைப் பற்றிக் கற்கத் தொடங்கினேன். கற்றவற்றிற் சிலவற்றை உங்கள் முன் வைக்கிறேன்.

பிள்ளைப்பேற்றுக்குப் பின் மனத்தில் தோன்றும் மாற்றங்கள் மூவகைப்படும். இவற்றை வேறுபிரித்து அறிதல் அவசியம். ஒன்றை மற்றொன்றாக எண்ணி மயங்குவதாலேயே பல வீடுகளில் கேடு விளைகின்றது.

முதலாவது வெறும் கலக்கம். பிரசவித்து மூன்றாம் நாள், நாலாம் நாள், ஐந்தாம் நாளளவில் காரணமின்றி அழுகை வரும். சிறு சொல்லும் சுடும். சற்று நேரத்தில் சிரிப்பும் வரும். பிள்ளை பெற்றவர்களிற் பாதிக்கு மேற்பட்டோருக்கு இது உண்டாகின்றது. வயிற்றிற் பிள்ளை இருந்த காலத்தில் உடம்பிற் பெருகியிருந்த சில சுரப்புகள் பிரசவித்தவுடன் சடுதியாகக் குறைந்துவிடுகின்றன. அதனோடு களைப்பும் உறக்கக் குறைவும் சேர்கின்றன. இதற்கு மருந்து வேண்டியதில்லை. உறக்கமும், அன்பான சொல்லும், பக்கத்தில் ஒருவர் இருப்பதும் போதும். இரண்டு கிழமைக்குள் தானாகத் தீரும்.

இரண்டாவது மனச்சோர்வு. இது இரண்டு கிழமை கடந்தும் தீராதது. சிலருக்குப் பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே தொடங்கிவிடுவது. எதிலும் மனம் செல்லாது. பசி இராது. பிள்ளை உறங்கினாலும் தாய்க்கு உறக்கம் வராது. "நான் ஒரு கூடாத தாய்" என்ற எண்ணம் நெஞ்சை அரிக்கும். உயிரை விட்டுவிடலாமா என்ற நினைவும் வரும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி வளர்முக நாடுகளில் கர்ப்பவதிகளில் நூற்றுக்கு 15.6 பேருக்கும், பிள்ளை பெற்றோரில் நூற்றுக்கு 19.8 பேருக்கும் மனநோய், முக்கியமாக மனச்சோர்வு, காணப்படுகின்றது. அதாவது ஐந்து தாய்மாரில் ஒருவர். இந்த மண்டபத்தில் இருக்கும் தாய்மாரை ஐந்து ஐந்து பேராக எண்ணிப் பாருங்கள். இது எங்கோ தூர தேசத்து விஷயமன்று என்பது விளங்கும்.

மூன்றாவது சித்தப் பிரமை. எங்கள் பழைய வைத்தியர்களும் இதனை அறிந்திருந்தார்கள். நான் முதலிற் சொன்ன பெண்ணுக்கு வந்தது இதுவே. ஆயிரம் பிரசவத்துக்கு 1 அல்லது 2 பேருக்கு மாத்திரம் வரும். பெரும்பாலும் முதல் இரண்டு கிழமைக்குள் சடுதியாக வரும். உறக்கமின்மையே இதன் முதல் அறிகுறி. காலையில் தெளிவு, மாலையிற் குழப்பம் என மாறி மாறித் தோன்றும். அதனால் வீட்டார், "இப்போது நன்றாகத்தானே கதைக்கிறாள்" என்று ஏமாந்துபோவர். இது நாளைக்குப் பார்ப்போம் என்று விடக்கூடிய வியாதியன்று. நெருப்புப் பிடித்த வீட்டைப்போல அன்றைக்கே, அந்நேரமே கவனிக்க வேண்டியது. அதே வேளையில் ஒரு நல்ல செய்தியும் உண்டு: தக்க சிகிச்சை கிடைத்தால் மிகப் பெரும்பாலானோர் பூரணமாகத் தேறுகின்றார்கள். ஆனால் ஒருமுறை வந்தவருக்கு அடுத்த பிரசவத்திலும் வரக்கூடிய வாய்ப்பு மூன்றில் ஒன்று முதல் இரண்டில் ஒன்று வரை உண்டு. ஆகையால் அதனை ஒளித்துவைத்தல் பேராபத்து.

இந்நோய்கள் புதியன அல்ல. 1858ஆம் ஆண்டிலேயே பிரான்சு தேசத்து வைத்தியர் லூயி விக்தர் மார்சே என்பவர், கர்ப்பவதிகளுக்கும் பிள்ளை பெற்றோருக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் வரும் சித்தக் கோளாறுகளைப் பற்றி ஒரு முழு நூல் எழுதினார். 1948இல் இங்கிலாந்தில் கசல் வைத்தியசாலையில் தோமஸ் மெயின் என்னும் வைத்தியர், நோயுற்ற தாயைப் பிள்ளையோடு சேர்த்தே விடுதியில் அநுமதிக்கத் தொடங்கினார். தாயையும் சேயையும் பிரிப்பது சிகிச்சையாகாது என்ற கொள்கை அங்கே காலூன்றியது. 1987இல் எடின்பரோ நகரில் ஜோன் கொக்ஸ் முதலானோர் பத்துக் கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலை வகுத்தார்கள். தாய்மாரின் மனச்சோர்வைக் கண்டறிய அது இன்று பல நாடுகளிலும் பயன்படுகின்றது. எங்கள் நாட்டிலும் பயன்படுகின்றது. 2009இல் பெங்களூரிலுள்ள நிம்ஹான்ஸ் என்னும் தேசிய நிறுவனத்தில் தாய்சேய் உளநல விடுதி திறக்கப்பட்டது. எங்கள் நாட்டில் முல்லேரியாவிலுள்ள தேசிய உளநல நிறுவகத்திலும் இத்தகைய தாய்மாருக்கெனத் தனிப் பிரிவு உண்டு. என்னிடம் அந்தப் பெண் கேட்ட கேள்விக்கு உலகம் ஏற்கெனவே விடை கண்டிருந்தது. அவ்விடை எங்கள் வாசலுக்கு வந்து சேரத்தான் காலம் சென்றது.

இனி, எங்கள் சமூகத்தில் இந்நோய் எதனால் மிகுகின்றது என்று பார்ப்போம். தமிழ்நாட்டில் வேலூருக்கு அருகிலுள்ள கணியம்பாடிக் கிராமப் பகுதியில் ஓர் ஆராய்ச்சி செய்தார்கள். அது 2002இல் வெளிவந்தது. கடைசி மாதங்களிலிருந்த 359 கர்ப்பவதிகளைக் கண்டு பேசி, பிரசவத்தின் பின் மீண்டும் சென்று பார்த்தார்கள். புதிதாக மனச்சோர்வு கண்டவர்கள் நூற்றுக்கு 11 பேர். அதற்குத் துணைபோன காரணங்கள் யாவை? வறுமை, ஆண் பிள்ளையை எதிர்பார்த்திருக்கப் பெண் பிறந்தமை, மாமியாரோடும் பெற்றாரோடும் மனத்தாங்கல், கர்ப்ப காலத்தில் நேர்ந்த துன்பங்கள், கைவேலைக்கு உதவியின்மை. இவற்றுள் எதுவும் பேயின் வேலையன்று என்பதைக் கவனியுங்கள். யாவும் மனிதர் செய்வன. ஆகவே மனிதர் மாற்றக்கூடியன.

மட்டக்களப்பு மக்களாகிய எங்களுக்கு இவ்விஷயத்தில் முன்னோர் தந்த ஒரு முதுசம் உண்டு. இங்கே பெண் கலியாணம் முடித்து மாமியார் வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். குடி தாய்வழியே வருகின்றது. வீடு வளவு பெண்பிள்ளைக்கே சீதனமாகப் போகின்றது. பிள்ளை பெற்றவள் தன் தாயும், பெரியம்மாவும், சின்னம்மாவும், தமக்கையும் சூழத் தன் சொந்த வீட்டிலே கிடக்கிறாள். சரக்கு அரைத்துக் கொடுக்கவும், பத்தியக்கறி காய்ச்சவும், தண்ணீர் வார்க்கவும், பிள்ளையை ஏந்தவும் கைகள் உண்டு. துடக்குக் கழியும் வரை அவளை அடுப்படிக்கு விடாமல் வைத்திருப்பதிலும் உறக்கத்துக்கும் ஓய்வுக்கும் வழி இருந்தது. வேறிடங்களில் பெரும் பணம் செலவழித்து ஏற்படுத்த முயலும் உதவி எங்களுக்கு வழக்கமாகவே இருந்தது.

இருந்தது என்று சொல்கிறேன். ஏனெனில் அவ்வழக்கம் பல இடங்களில் அறுந்துபோயிற்று. நாங்கள் கண்ட யுத்தத்தை உங்களுக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. 1990 செப்டெம்பர் 5ஆம் திகதி, இவ்வூர்ப் பல்கலைக்கழக வளாகத்தில் அடைக்கலம் புகுந்திருந்தவர்களில் 158 பேர் கொண்டுசெல்லப்பட்டுத் திரும்பி வராதுபோன கதையை இவ்வூரிற் பிறந்த பிள்ளையும் அறியும். தகப்பன் முகம் காணாது வளர்ந்த பிள்ளைகளையும், இறந்தாரா இருக்கிறாரா என்று தெரியாமல் பொட்டை வைப்பதா அழிப்பதா என்று தவித்த தாய்மாரையும் நாங்கள் கண்டோம். பின்னர் 2004இல் ஆழிப்பேரலை கரையோரக் குடும்பங்களைக் குலைத்தது. அதன் பின் வறுமை. இன்று பல வீடுகளில் அம்மம்மா இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருக்கின்றது. அவள் மத்திய கிழக்கு நாடொன்றில் வேறொருவர் வீட்டுப் பிள்ளையைத் தாலாட்டிக்கொண்டிருக்கிறாள். சில வீடுகளில் பிள்ளை பெற்றவளே பால்குடி மறப்பித்துவிட்டு விமானம் ஏறுகிறாள். கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நிற்கும் கடன்காரரும், பொழுதுபட்டால் சாராயம் குடித்துவிட்டு வரும் கணவனும் சேர்ந்துவிட்டால், முன்னோர் தந்த முதுசம் அங்கே என்ன செய்யும்?

மனச்சோர்வு முற்றினால் விளைவது யாது? எங்கள் நாட்டில் தாய்மாரைக் காக்கும் சேவை உலகம் மெச்சும் சேவை. 1926இல் களுத்துறையில் முதற் சுகாதாரப் பிரிவு நிறுவப்பட்டது முதல், குடும்பநல மருத்துவிச்சிமார் வீடு வீடாக நடந்து இச்சேவையை வளர்த்தார்கள். 1930களில் ஓர் இலட்சம் பிரசவத்துக்கு 2000க்கு மேற்பட்ட தாய்மார் மாண்டார்கள். அண்மைய ஆண்டுகளில் அத்தொகை 30 அல்லது 40 என்னும் அளவுக்குக் குறைந்துவிட்டது. இரத்தப்போக்கையும் சன்னிவலிப்பையும் வென்றோம். ஆனால் அவ்வெற்றியின் நடுவே, தம் கையாலேயே தம் உயிரை மாய்த்துக்கொள்ளும் தாய்மார் எங்கள் நாட்டிலும் உளர். இங்கிலாந்தில் நடைபெறும் தேசிய விசாரணைகளிலும், பிரசவித்து ஆறு கிழமைக்குப் பின் ஓராண்டுக்குள் நிகழும் தாய்மார் மரணங்களுக்கு முதன்மையான காரணங்களுள் தற்கொலையே முன்னிற்கின்றது. உடம்பைக் காக்கக் கற்றுக்கொண்ட நாம் மனத்தைக் காக்க இன்னும் முழுமையாகக் கற்கவில்லை.

இனி, தாதியின் பணிக்கு வருகிறேன். வைத்தியர் மருந்தை எழுதுகிறார். ஒரு நாளிற் சில நிமிடங்கள் நோயாளியோடு பேசுகிறார். மிகுதி நேரம் முழுவதும் தாதியினுடையது.

சித்தப் பிரமையுற்ற தாய் ஒருத்தி விடுதிக்கு வந்தால், தாதி முதலிற் செய்வது இரண்டு: தாயைக் காப்பது, சேயைக் காப்பது. அந்நிலையில் பிள்ளையைத் தாயிடம் தனியே விடலாகாது. அதற்காக ஒரேயடியாகப் பிரித்துவிடவும் ஆகாது. தாதி பக்கத்தில் இருக்க, சிறிது நேரம் பிள்ளையை மடியிற் கிடத்துவோம். அடுத்த நாள் பால் கொடுக்க விடுவோம். அதற்கடுத்து உடம்பு துடைக்க, பின்பு குளிப்பாட்ட, உடுப்பு மாற்ற என்று படிப்படியாக ஒவ்வொரு வேலையும் அவள் கைக்குத் திரும்பும். அவள் செய்த ஒவ்வொன்றையும் "நீதான் செய்தாய் மகள்" என்று சொல்லிக் காட்டுவோம். அந்தச் சொல்லும் மருந்துதான்.

"பிள்ளையை மாற்றிவிட்டார்கள்" என்று அவள் சொன்னால், "விசர்க் கதை கதையாதே" என்று தாதி வாதாடமாட்டாள். "ஓம், மாற்றிவிட்டார்கள்தான்" என்று ஒத்தும் பேசமாட்டாள். "உனக்கு மிகவும் பயமாயிருக்கிறது; நான் பக்கத்தில் இருக்கிறேன்" என்பாள். பயத்தைத்தான் ஆற்றவேண்டும், கதையோடு மல்லுக்கட்டுவதால் பயனில்லை.

அடுத்தது உறக்கம். உறக்கம் கெட்டால் மனம் கெடும். இரவிற் பாலைக் கறந்து வைத்தோ, தாதியோ அம்மம்மாவோ ஒரு நேரப் பாலைப் பொறுப்பேற்றோ, அவளைத் தொடர்ந்து ஐந்தாறு மணி நேரம் உறங்கச் செய்வது முதற் சிகிச்சையின் ஒரு பகுதி. அதனோடு இரத்தக் குறைவு, கழலைச் சுரப்பிக் கோளாறு, கிருமித் தொற்று, காய்ச்சல் முதலியன உண்டா என்றும் வைத்தியர் பரிசோதிப்பார். அவையும் மனத்தைக் குழப்பக்கூடியன.

மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை. "மருந்து குடித்தால் பால் நஞ்சாகும்" என்று சொல்லித் தாய்மாரைப் பயமுறுத்துகிறார்கள். எல்லா மருந்தும் ஒன்றல்ல. மனச்சோர்வுக்குரிய செற்றலின் போன்ற மருந்துகள் பாலிற் மிகச் சிறிதளவே செல்கின்றன. அவற்றை உட்கொண்டே பாலூட்டலாம். வேறு சில மருந்துகள் உண்டு. வல்புரோவேற் என்பது வயிற்றுப் பிள்ளைக்குத் தீங்கு செய்யும். பிள்ளை பெறும் வயதினருக்கு அதனைத் தவிர்க்கவேண்டும். லிதியம் மிகுந்த அவதானத்தோடு கொடுக்கப்படுவது. ஆகையால், ஏற்கெனவே மனநோய்க்கு மருந்து எடுக்கும் பெண், பிள்ளை வேண்டும் என்று நினைக்கும்போதே வைத்தியரிடம் சொல்லவேண்டும். கர்ப்பம் என்று அறிந்த அன்றே பயந்து மருந்தைச் சடுதியாக நிறுத்துவது பெருந்தவறு; அதனால் நோய் மீண்டும் தலைதூக்கும்.

விடுதியை விட்டு வீட்டுக்குப் போன பின்புதான் தாதியின் பாதி வேலை தொடங்குகின்றது. எங்கள் மாவட்டத்திலே மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையில் உளநல விடுதி உண்டு. வாழைச்சேனையிலும் உளநலப் பிரிவு உண்டு. ஆனால் வீட்டு வாசலை மிதிக்கும் கால் குடும்பநல மருத்துவிச்சியின் கால். பிரசவித்த முதல் 10 நாளுக்குள் இருமுறையும், பின்னர் 42ஆம் நாளளவிலும் அவர் வரவேண்டும் என்பது ஒழுங்கு. அவர் பிள்ளையின் நிறையையும் கொப்பூழையும் பார்க்கும்போது, தாயின் முகத்தையும் பார்க்கிறார். பத்துக் கேள்விகளையும் கேட்கிறார். "பிள்ளை உறங்கும்போது உன்னால் உறங்க முடிகிறதா?" என்று நானும் தவறாமற் கேட்பதுண்டு. அதற்கு வரும் பதிலே பாதி நோயைச் சொல்லிவிடும். "உயிரை விடும் எண்ணம் வருகிறதா?" என்றும் கேட்கவேண்டும். அப்படிக் கேட்டால் இல்லாத எண்ணம் உண்டாகிவிடும் என்று பலர் அஞ்சுகின்றனர். அது தவறு. கேட்டவுடன் அழுது, "ஒருத்தரும் கேக்கல்ல மிஸ்ஸி" என்று சொன்ன தாய்மாரையே நான் கண்டிருக்கிறேன்.

இச்சேவையால் உண்மையில் பயன் உண்டா என்று யாரேனும் ஐயுறலாம். பாகிஸ்தானில் ராவல்பிண்டிக் கிராமப்புறத்தில் 903 தாய்மாரை வைத்து ஒரு பரிசோதனை நடத்தினார்கள். அதன் முடிவு 2008இல் வெளிவந்தது. அங்கே எங்கள் மருத்துவிச்சிமாரைப் போன்ற கிராம சுகாதாரப் பெண்களுக்கு, மனச்சோர்வுற்ற தாயோடு எப்படிப் பேசுவது, வீணான எண்ணங்களை எப்படித் திருத்துவது, குடும்பத்தை எப்படிச் சேர்ப்பது என்று பயிற்சி கொடுத்தார்கள். அவர்கள் பட்டதாரிகள் அல்லர். பாடசாலைக் கல்வி பெற்றவர்கள். கர்ப்பத்தின் கடைசி மாதம் முதல் 16 முறை சென்று பேசினார்கள். பிரசவித்து ஆறு மாதத்தில், அப்பயிற்சி பெற்றோர் சென்ற தாய்மாரில் நூற்றுக்கு 23 பேருக்கே சோர்வு எஞ்சியிருந்தது; மற்றப் பகுதியில் 53 பேருக்கு எஞ்சியிருந்தது. பேச்சாலே பாதிக்கு மேற்பட்ட நோய் தீர்ந்தது என்றால், அது எங்களாலும் இயலாததன்று.

வாலிப நண்பர்களே, இனி உங்களிடம் வருகிறேன். "பெண்கள் காரியத்தில் எங்களுக்கு என்ன வேலை?" என்று நீங்கள் எண்ணலாம். இன்று அல்லது நாளை நீங்கள் கணவராவீர்கள், தகப்பனாவீர்கள். தகப்பனுக்கும் இந்நோய் வரும். 2010இல் வெளியான ஓர் ஆராய்ச்சித் தொகுப்பு, மனைவியின் கர்ப்ப காலத்திலும் பிள்ளை பிறந்த முதலாண்டிலும் தகப்பன்மாரில் நூற்றுக்கு ஏறக்குறைய 10 பேருக்கு மனச்சோர்வு காணப்படுகின்றது என்று காட்டிற்று. பெண் அழுவாள், ஆண் கோபிப்பான், குடிப்பான், வீட்டுக்குப் பிந்தி வருவான். அழுகை சோர்வென்று தெரிகிறது; கோபம் சோர்வென்று தெரிவதில்லை.

உங்களிடம் நான் வேண்டுவன சில.

மனைவி கர்ப்பவதியானால் கிளினிக்குக்கு ஒருமுறையேனும் கூடப் போங்கள். வாசலில் மோட்டார் சைக்கிளில் இருந்துவிட்டு வராமல், உள்ளே சென்று மருத்துவிச்சியோடு பேசுங்கள்.

பிள்ளை பிறந்தால் இரவில் ஒரு சாமத்தை உங்கள் பொறுப்பாக்குங்கள். பால் கொடுக்க உங்களால் இயலாது. பிள்ளையைத் தோளிற் போட்டு உலாவ இயலும். அவள் உறங்கும் ஒவ்வொரு மணித்தியாலமும் அவளுக்கு நீங்கள் வாங்கிக் கொடுக்கும் மருந்து.

பெண் பிள்ளை பிறந்த வீட்டில் முகம் சுளிக்காதீர்கள், சுளிப்பவரைக் கண்டியுங்கள். வளவும் குடியும் பெண்வழி வரும் மட்டக்களப்பில் அப்படிச் சுளிப்பவர் தம் ஊர் வழக்கையே மறந்தவர்.

மனைவியை அடிப்பவன் உங்கள் நண்பனாயிருந்தாலும் அவனுக்காக நியாயம் பேசாதீர்கள். அடிபட்டவளுக்கு அரசாங்க வைத்தியசாலைகள் பலவற்றில் நட்பு நிலையம் என்னும் இடம் உண்டு. அதனைச் சொல்லிக் கொடுங்கள்.

உறங்காத தாய், பிதற்றும் தாய், பிள்ளையைக் கண்டு அஞ்சும் தாய் ஒருத்தி உங்கள் தெருவில் இருந்தால், அன்றிரவே வாகனம் பிடித்து வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல உதவுங்கள். இரவில் எவருடைய ஓட்டோவைக் கூப்பிடலாம் என்று ஒரு சிறு பட்டியலை உங்கள் சங்கம் எழுதி, மருத்துவிச்சியிடம் கொடுத்து வைக்கலாம். அதற்குப் பணம் வேண்டியதில்லை, மனம் வேண்டும். யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால், தேசிய உளநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழையுங்கள். முதற் சுகாதாரப் பிரிவு தொடங்கிய ஆண்டும் அதுவே. நினைவில் வைப்பது இலகு.

கோயிலுக்குப் போகவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்குக்கு நானும் போகிறவள்தான். நூல் கட்டுவதால் ஒரு தாய்க்கு ஆறுதல் வருமானால் கட்டட்டும். ஆனால் நூல் கட்டிய கையோடு வைத்தியசாலைக்கு வரட்டும். ஐந்து நாள் காத்திருக்க வேண்டாம். நல்ல கட்டாடியார்கள், "இது என் கைக்கு அடங்காது, டொக்டரிடம் கொண்டுபோங்கள்" என்று தாமே சொல்லி அனுப்பியதை நான் கண்டிருக்கிறேன். அத்தகையோரை நாங்கள் நண்பராக்கிக்கொள்ள வேண்டும்.

பழி என்ற ஒன்றைப் பற்றியும் சொல்லவேண்டும். "தங்கச்சிமாரைக் கட்டிக் கொடுக்கவேணும், வெளியில தெரியக்கூடாது" என்று அந்தப் பெண்ணின் தாயார் என்னிடம் அழுதார். "எங்கட குடும்பத்தில இப்பிடி ஒருத்தருக்கும் வரல்ல" என்றார். நோயைவிட ஊர்வாய்க்கு அஞ்சியே அவர் ஐந்து நாளைக் கழித்தார். அந்த ஊர்வாய் யாருடைய வாய்? எங்கள் வாய்தான். காய்ச்சல் வந்த பெண்ணின் தங்கையைக் கலியாணம் செய்யத் தயங்காதவர்கள், இந்நோய் வந்து மாறிய பெண்ணின் தங்கையைக் கண்டு ஏன் தயங்கவேண்டும்? பெண் பார்க்கப் போகும் வாலிபர்கள் இதற்கு விடை சொல்லட்டும்.

அந்தப் பெண்ணின் கதையை முடித்துவிடுகிறேன். நாலாண்டு கழித்து அவள் மீண்டும் கர்ப்பவதியானாள். இம்முறை அவளே மூன்றாம் மாதத்தில் என்னைத் தேடி வந்தாள். கணவரையும் கூட்டி வந்தாள். வைத்தியர், மருத்துவிச்சி, அம்மம்மா, கணவர், நான் ஆகிய எல்லோரும் ஒன்றாயிருந்து ஒரு தாளில் எழுதினோம்: எந்த மருந்து, எப்போது தொடங்குவது, இரவில் யார் விழித்திருப்பது, எந்த அறிகுறி கண்டால் யாருக்குச் சொல்வது என்று. அந்தத் தாளைக் கணவர் கிளினிக் புத்தகத்துக்குள் வைத்திருந்தார். பிள்ளை பிறந்தது. ஐந்தாம் நாள் இரவு அவள் உறங்கவில்லை. காலை விடியுமுன் கணவர் வைத்தியசாலைக்குக் கொண்டுவந்தார். இம்முறை பிள்ளையும் கூடவே வந்தது. விடுதியில் ஒரு மூலையை ஒதுக்கி, திரை கட்டி, அம்மம்மாவுக்கு ஒரு பாயும் போட்டோம். ஒன்பது நாளில் வீடு சென்றார்கள். பால் வற்றவில்லை.

போகும்போது மூத்த பிள்ளையும் வந்திருந்தது. அம்மம்மாவின் கையை விட்டு ஓடிவந்து தாயின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றது. நாலாண்டுக்கு முன் அவள் கேட்ட கேள்விக்கு அந்தப் பிள்ளையே விடை சொல்லிற்று.

இப்பணிக்கு ஆட்கள் வேண்டும். எங்கள் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் தாதியியற் பட்டப்படிப்பு உண்டு. மட்டக்களப்பில் தாதியர் பயிற்சிக் கல்லூரியும் உண்டு. உங்கள் தங்கைமார் மாத்திரமல்ல, தம்பிமாரும் அங்கே செல்லட்டும். அவர்களுட் சிலராவது உளநலத் தாதிகளாகித் திரும்பி வந்து, இந்த வாவிக் கரையிலேயே கடமையாற்றட்டும். அது நடக்குமானால், இன்று நான் இங்கே பேசியது வீண்போகாது.